முப்பது விநாடி கழித்துப் பேசவும்

இலவசச் செயலிகள் எழுதிக் கொடுக்கிற எட்டுப் பேர் குழுவில், எதற்கும் முடியாது என்கிற அவளுக்கு 'முடியாதக்கா' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஒரு நாள் கூட்டக் குறிப்பில் கையெழுத்து போடுகிற இடத்தில் அவளே அப்படி எழுதிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எல்லாரும் முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள். பகலெல்லாம் லிஃப்ட் கம்பெனியில் வேலை. எந்த மாடியில் நிற்க வேண்டும், கதவை எத்தனை நேரம் திறந்து வைக்க வேண்டும் என்று லிஃப்டுக்குச் சொல்லிக்கொடுக்கிற நிரல்களை எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், கூட்டத்தை நடத்துகிற 'மீசை'யின் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் உள்ள அறை. மை வாடையும் காகிதத் தூசியும் நிறைந்த அந்த அறையில்தான் 'வாய்' பிறந்தது.

'வாய்' ஒரு செல்போன் செயலி. அண்ணனுக்காக அவள் எழுதியது. அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு "பிரேக்! பிரேக்கை மிதிங்கறேன்!" என்று கத்திக் கத்தித்தான் தொண்டை போச்சு என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். டாக்டர்கள் வேறு பேர் சொன்னார்கள். குரல்வளையையே எடுக்க வேண்டும், மூன்று வாரம் அவகாசம் என்றார்கள்.

அந்த மூன்று வாரமும் தங்கை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அண்ணனோடு பயிற்சிக் காருக்குள் உட்கார்ந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளிச் சத்தம் வராது. அண்ணன் பேசப் பேசப் பதிவு செய்தாள். மனுஷர் முதலில் பதிந்தது பூராவும் திட்டு.

"திட்டு இல்லாம நான் எப்படிடி பாடம் நடத்துறது?" என்றார்.

அப்புறம்தான் "ஏம்மா", "சாப்பிட்டியா", "வலிக்குது", "தண்ணி", "போதும்", "கதவைச் சாத்து" எல்லாம் வந்தன. மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது. கடைசி நாளன்று வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் சும்மா சிரித்தார்; அதையும் பதிந்து வைத்தாள். இனி அவர் அந்த ஆயிரத்து நூற்று நாற்பதில் உள்ளதைத் தொட்டால் போன் அவருடைய குரலிலேயே பேசும். அதில் இல்லாததை அவர் குரலில் யாரும் கேட்க முடியாது.

"இதெல்லாம் எங்க போய்ச் சேரும்?" என்று கேட்டார் அண்ணன்.

"எங்கயும் போகாது. உன் போன்லயே கிடக்கும். கூட ஒரு சின்ன கார்டுல அண்ணி பீரோவுல கிடக்கும். என்கிட்ட கூட இருக்காது. உன் குரலுக்கு நீ மட்டும்தான் சொந்தக்காரன். நான் வாக்குக் கொடுக்கறேன்."

நன்றாகத்தான் கொடுத்தாள் வாக்கு.

அண்ணனுக்கு எழுதியதை ஊருக்கும் கொடுத்தாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். மாற்றினால் அந்த மாற்றத்தையும் இதே போலத் திறந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இலவசம் என்பது மட்டும் இல்லை, சுதந்திரம் என்பார்கள் குழுவில். 'வாய்' என்ற பெயரைப் பதிந்து வைத்துக்கொள்ளலாமே என்று மீசை ஒரு முறை இழுத்தார்.

"பேருக்கெல்லாமா பூட்டுப் போடுறது? நாளைக்குக் காத்துக்குப் பத்திரம் எழுதுவீங்களா சார்?" என்று பாய்ந்தாள்.

பாய்ந்ததோடு நிற்கவில்லை. 'இந்தப் பெயருக்கு நாங்கள் எந்த உரிமையும் கோரவில்லை, யாரும் வைத்துக்கொள்ளலாம்' என்று செயலியின் முதல் பக்கத்திலேயே தன் கையால் எழுதி வைத்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். இப்படிப்பட்ட காரியத்துக்குக் கை தட்டுகிற ஜனங்கள் உலகத்தில் அந்த அறையைப் போன்ற அறைகளில்தான் இருப்பார்கள்.

குழுவுக்கு ஒரே ஒரு விதி. எட்டுப் பேரில் ஒருவர் வேண்டாம் என்றால் அது நடக்காது. அந்த ஒருவர் பெரும்பாலும் யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சு டாக்டர் வந்தாள். குரல் போனவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற சின்ன வயசுக்காரி. நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே ஆரம்பித்தாள்.

"அக்கா, இதைப் பெரிய கடையில போடுங்க. போன் வாங்கும்போதே கூட வருதே, அந்தக் கடையில. எங்க நோயாளியோட வீட்டம்மா உங்க பக்கத்தைத் திறந்து இறக்கப் பாக்கறாங்க. சிவப்பா ஒரு எச்சரிக்கை வருது. 'இது உங்கள் போனுக்குத் தீங்கு செய்யலாம்'னு. பயந்துபோய் மூடிடறாங்க. பத்து பேருக்குச் சொன்னா ரெண்டு பேர் போடறாங்க."

"அந்தச் சிவப்பு எச்சரிக்கையை வெக்கிறதே அந்தக் கடைக்காரன்தானே? தன் கடையில வாங்காததெல்லாம் விஷம்னு தண்டோரா போடறவன் கால்ல போய் விழச் சொல்றீங்களா?"

"யாரு கால்லயாவது விழுங்க. வேலை நடக்கட்டும்."

"அவனோட ஒப்பந்தத்தைப் படிச்சிருக்கீங்களா? நான் படிச்சேன். நினைச்சா தூக்கிடுவான், காரணம் கூடச் சொல்ல மாட்டான். அது கூடப் போகட்டும். யார் யார் இறக்கினாங்கன்னு ஒரு பட்டியல் அவன் கையில இருக்கும். குரல் போனவங்க பட்டியல்! அதை வெச்சு யார்கிட்ட என்ன விப்பான்னு யாருக்குத் தெரியும்? அந்தப் பட்டியல்ல என் அண்ணன் பேர் வராது. யார் பேரும் வராது."

பேச்சு டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"பட்டியல்ல பேர் வந்தா வந்துட்டுப் போகுதுன்னு சொல்ற ஆளுங்களை எனக்குத் தெரியும்க்கா. தண்ணி கேக்க முடியாம சுவரைத் தட்டிட்டுக் கிடக்கறாங்க. உங்க மானத்தைக் காப்பாத்த அவங்க எதுக்கு ஊமையா இருக்கணும்?"

மீசை தொண்டையைச் செருமிக்கொண்டு, "யாராவது மறுக்கறீங்களா?" என்றார். முடியாதக்கா கையைத் தூக்கினாள். முடிந்தது கதை. அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது அவளுக்குள் ஒரு மிதப்பு இருந்தது. சரியான காரியத்தைச் செய்துவிட்டோம் என்கிற மிதப்பு. அதை நினைத்தால் பின்னாளில் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து பேச்சு டாக்டரிடமிருந்து போன்.

"தேங்க்ஸ்க்கா! அன்னைக்கு ரொம்பப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. கடைசியில போட்டுட்டீங்களே, அது போதும். விளம்பரம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. பரவாயில்ல, நீங்களும் சாப்பிடணுமில்ல."

"என்னத்தப் போட்டோம்?"

முடியாதக்காவின் போனில் பெரிய கடை கிடையாது, அதைப் பிடுங்கி எறிந்து வருஷமாகிறது. பக்கத்து மேஜைக்காரரின் போனை வாங்கிப் பார்த்தாள். 'வாய்' அங்கே இருந்தது. அதே பெயர். அதே படம், அண்ணி பென்சிலில் வரைந்துகொடுத்த உதடு. ஐம்பதாயிரம் பேர் இறக்கியிருந்தார்கள். கீழே ஏதோ ஒரு கம்பெனி பெயர். இறக்கித் திறந்தாள். உள்ளேயும் எல்லாம் அவள் எழுதியதுதான், ஒரு பொத்தான் கூட இடம் மாறவில்லை. 'தண்ணி' என்பதைத் தொட்டாள்.

தண்ணி வரவில்லை. திரை முழுக்க ஒரு பெண் தங்கக் காசுகளை வாரி இறைத்தாள். "வாங்க, விளையாடுங்க, அள்ளுங்க!" என்று கூவினாள். கீழே சின்ன எழுத்தில், 'பேச முப்பது விநாடி காத்திருக்கவும்.' முப்பதிலிருந்து இருபத்தொன்பது, இருபத்தெட்டு என்று எண்கள் இறங்கின. பூஜ்யம் வந்த பிறகுதான் போன், செயலியோடு வருகிற மாதிரிக் குரலில், தண்ணி கேட்டது.

சீ! இதை என்னவென்று சொல்வது? நாக்கு வறண்டு கிடக்கிறவனை நிறுத்திவைத்து சூதாட்டத்துக்கு ஆள் பிடிக்கிறான். வலிக்கிறது என்று சொல்ல வருகிறவனை முப்பது விநாடி வலியோடு நிற்க வைக்கிறான். அதுவும் அவள் தூங்காமல் எழுதிய வரிகளை வைத்து. முடியாதக்கா பாத்ரூமுக்குப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

கடைக்காரனுக்குப் புகார் எழுதினாள். 'உதவிக் குழு' என்று கையெழுத்திட்ட நாலு வரி பதில் வந்தது. 'வாய்' என்ற பெயர் மேற்படி கம்பெனியின் பெயரில் பதிவாகியுள்ளது, அந்தப் பெயருக்கு உங்களுக்கு உரிமை இல்லை என்று நீங்களே உங்கள் பக்கத்தில் அறிவித்திருக்கிறீர்கள், இணைப்பைப் பார்க்கவும். பார்த்தாள். தன் கையால் எழுதிய வரி தன்னையே பார்த்து இளித்தது. அவர்கள் செய்த மாற்றங்களைத் திறந்து வைக்கவில்லையே, நிபந்தனையை மீறிவிட்டார்களே என்று இன்னொரு புகார் எழுதினாள். அது உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான விவகாரம் என்று இன்னொரு நாலு வரி வந்தது. இதற்கும் 'தங்கள் பொன்னான நேரத்துக்கு நன்றி' வேறு.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் அவளே பேச்சை எடுத்தாள். "போட்டுத் தொலைப்போம். அசலாவது அங்க இருக்கட்டும்." மீசை கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார், ஒரு கையும் எழவில்லை.

விண்ணப்பம் போடுகிற வேலை அவள் தலையில் விழுந்தது. தான் படித்துக் காறித் துப்பிய அதே ஒப்பந்தத்தின் அடியில் 'சம்மதம்' என்று தொட்டாள். அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பினாள். முகத்தை இடப்பக்கம் திருப்பு என்றது, திருப்பினாள். வலப்பக்கம் என்றது, திருப்பினாள். போலீஸ் ஸ்டேஷனில் கூட இவ்வளவு பவ்யமாக அவள் நின்றிருக்க மாட்டாள். பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது. உங்கள் செயலி ஏற்கெனவே கடையில் உள்ள 'வாய்' செயலியை அப்பட்டமாக ஒத்திருக்கிறது. போலிகளை நாங்கள் அனுமதிப்பதில்லை.

மீசை விழுந்து விழுந்து சிரித்தார். "பெத்தவளைப் பாத்து, நீ யாரு இந்தப் பிள்ளைக்கு மாத்தாந்தாயான்னு கேக்கறானே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரமே அண்ணனின் போன் கார் கழுவுகிற வாளிக்குள் விழுந்தது. அண்ணி கெட்டிக்காரி. நாத்தனாரைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று தானே கடைத்தெருவுக்குப் போய்ப் புது போன் வாங்கினாள். போன் விற்றவனிடமே 'வாய்' போடச் சொன்னாள். பீரோவிலிருந்து கார்டை எடுத்து, சொல்லிக்கொடுத்தபடியே ஆயிரத்து நூற்று நாற்பதையும் ஏற்றினாள். நடுவில் என்னவோ சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்று தொட்டாள்.

மறுநாள் காலை அண்ணன் பயிற்சிக்குப் போனார். ஆபரேஷனுக்குப் பிறகும் அவர் வேலையை விடவில்லை. கழுத்துத் துளைக்கு மேல் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு பழையபடியே திட்டித் திட்டித்தான் பாடம் நடத்திவந்தார். அன்று ஸ்டீயரிங்கில் ஒரு நர்ஸ், அவளுக்கு மூன்றாவது நாள். முச்சந்தியில் ஒரு லாரி குறுக்கே வந்தது. அண்ணன் 'பிரேக்!' என்பதைத் தொட்டார். தங்கக் காசு மழை பொழிந்தது. "வாங்க, விளையாடுங்க!" என்று காருக்குள் பெண் குரல் கூவியதும் நர்ஸ் மிரண்டுபோய்த் திரும்பிப் பார்த்தாள். தன் பக்கத்து பிரேக்கை அண்ணன் எம்பி மிதித்தார். கார் லாரியைத் தவிர்த்துக் குப்பைத் தொட்டியில் போய் முட்டி நின்றது. நின்ற பிறகு, முப்பது விநாடி முடிந்து, போன் "பிரேக்!" என்று கத்தியது.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அன்று மாலை முடியாதக்கா போனபோது அண்ணன் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அண்ணி சமையலறை வாசலில் நின்றாள்.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க அண்ணி அதை?"

"யாரைக் கேக்கணும்? பேரு அதேதான். நான் வரைஞ்ச உதடு அதேதான். உன்னோடதுன்னு நம்பித்தானே போட்டேன்!" அண்ணிக்குக் குரல் உடைந்தது. "உன்னோடது இல்லைன்னா உன் பேர்ல எப்படி விக்கறான்? நீ ஏன் விட்ட?"

முடியாதக்கா போலியை அழித்துவிட்டு அசலைப் போட்டுக் கொடுத்தாள். அந்தப் போலி வெளியே என்னென்ன அனுப்பியிருக்கிறது என்று வீட்டுக்குப் போய்த் தோண்டிப் பார்த்தாள். ஒன்று விடாமல் அனுப்பியிருந்தது. சாப்பிட்டியா, வலிக்குது, திட்டு, சிரிப்பு, ஆயிரத்து நூற்று நாற்பதும் அந்தக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. அண்ணனிடம் அவள் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி ஆறு வாரம் ஓட்டினாள்.

ஆறாவது வாரம் அண்ணனுக்கு ஆஸ்பத்திரியில் பரிசோதனை. பகல் பதினொரு மணி, காத்திருக்கிற கூடத்தில் பினாயில் நாற்றம், பெஞ்சுகள் நிறைய ஆட்கள், பேச்சுதான் இல்லை. எதிர் பெஞ்சில் ஒரு தையல்காரி, அவளுக்கும் கழுத்தில் துணி. கூட வந்த மகளிடம் என்னவோ கேட்க நினைத்துப் போனைத் தொட்டாள்.

"வாங்க வாங்க! உக்காந்த இடத்துலயே ஜெயிக்கலாம்! இன்னைக்கே சேருங்க, உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கேன்!"

அண்ணனின் குரல்.

முடியாதக்கா சட்டென்று திரும்பி அண்ணனைப் பார்த்தாள். பிசகவே பிசகாது. 'வாங்க'வை இழுக்கிற இழுப்பு, வாக்கியத்துக்கு நடுவில் ஒரு சின்னச் செருமல், எல்லாம் அவருடையது. அந்த வார்த்தைகளை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. திருடிய துண்டுகளை மிஷினுக்குத் தின்னக் கொடுத்து, அவர் சொல்லாததை அவர் குரலில் பேச வைத்திருக்கிறார்கள். ஊமையான மனுஷனின் குரலை எடுத்து, இன்னொரு ஊமையின் வாயை அடைத்து, சூதாட்டத்துக்குக் கூப்பிட வைத்திருக்கிறார்கள். இவ்வளவு கேவலத்தையும் ஒரே முப்பது விநாடிக்குள் அடக்க முடியும் என்று அவள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

அண்ணன் எழுந்தார். தையல்காரியின் முன்னால் போய் நின்று கையை நீட்டினார். அவள் என்னவோ ஏதோவென்று போனைக் கொடுத்தாள். அண்ணன் அதைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டார். முடிந்ததும், மறுபடியும் தொடு என்று சைகை செய்தார். அவள் தொட்டாள். மூன்று தடவை கேட்டார்.

"வா அண்ணா, விடு," என்று முடியாதக்கா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். வார்த்தைகள் பல்லுக்கு நடுவில் வந்தன. "எனக்கு முன்னாடியே தெரியும். அன்னைக்கே எல்லாம் போயிடுச்சு. உன்கிட்ட சொல்லாம மறைச்சுட்டேன், என்னைத் திட்டு. இன்னைக்கே வக்கீலைப் பிடிக்கறேன். கடைக்காரன், கம்பெனிக்காரன், ஒருத்தனையும் விட மாட்டேன். உன் குரல் ஒரு துண்டு மிச்சமில்லாம அத்தனையும் அழிக்க வெக்கறேன். பொறுக்கிப் பசங்க. தூ!"

அண்ணன் அவளைத் திட்டவில்லை. திட்டுவதற்குத் தோதாக நூற்றுக்கணக்கில் போனில் இருந்தன, ஒன்றையும் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். சொல்ல வேண்டியது ஆயிரத்து நூற்று நாற்பதில் இல்லாதபோது மட்டும் எடுக்கிற நோட்டு. முழங்காலில் வைத்து எழுதி அவளிடம் காட்டினார்.

'அழிக்கச் சொல்லாதே.'

அவளுக்குப் புரியவில்லை. அவர் நோட்டைத் திரும்ப வாங்கிக் கீழே எழுதினார்.

'நான் சொல்லாததைச் சொல்லுது. பேத்தி பேரைச் சொல்ல வைக்க முடியுமா கேளு.'

அண்ணன் மகளுக்குக் குழந்தை பிறந்தது ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் கழித்து. பெயர் வைத்தது அதற்கும் பிறகு. காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த மூன்று வாரத்தில் அந்தப் பெயர் உலகத்திலேயே இல்லை. கவனமில்லாத மாணவர்களுக்காகப் பதிந்து வைத்த "ஏய்!"யைத் தொட்டுத்தான் தாத்தா அவளைக் கூப்பிடுவார். குழந்தையும் சிரித்துக்கொண்டே தவழ்ந்து வரும். வீட்டில் எல்லாரும் அதை ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முடியாதக்கா உட்பட. புதுச் சொற்களைக் குரலில் செய்து பார்க்க மீசை ஒரு தடவை முயன்றார். தகர டப்பாவுக்குள் யாரோ தும்மியது போல வந்தது. அதற்கு வேண்டிய மிஷினும் வசதியும் நம்மிடம் இல்லை என்று அதோடு விட்டுவிட்டார்கள். அது யாரிடம் இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது.

டாக்டர் கூப்பிட்டு அண்ணன் உள்ளே போனார். தையல்காரியின் போன் ஒருவழியாக "மணி என்ன?" என்று கேட்டது. மகள் பதில் சொன்னாள்.

முடியாதக்கா பெஞ்சில் உட்கார்ந்து தன் போனை எடுத்தாள். அந்தக் கம்பெனியின் முகவரி அவளுக்கு மனப்பாடம். கடைக்காரனுக்கு அனுப்பிய புகார்களில் எத்தனை முறை அதை எழுதியிருக்கிறாள். வக்கீல், வழக்கு, அழிக்க வேண்டும் என்று பாதி எழுதி வைத்திருந்த கடிதம் திறந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் பின்னோக்கி அழித்தாள். வெறும் திரை வந்தது. கடைக்காரன் காலில் விழ மாட்டேன் என்றவள் அண்ணனுக்காகத் திருடன் காலில் விழ வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள்.

'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதினாள். எழுதிய விரலைப் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு, 'உங்களிடம் உள்ள ஒரு குரலில் ஒரே ஒரு பெயரைச் சொல்லித் தர முடியுமா' என்று தொடர்ந்தாள்.